பண்ணைக் கழிவிலிருந்து எரிபொருளும் பசளையும்

அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைப்பதும், நெல் ஆலையின் பின்புறத்தே உமியைக் குவித்துப் புகையவிடுவதும் நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். இதனால் கமக்காரருக்கு உண்டாகும் நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வைக்கோலிலேயே தங்குகிறது. ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும் உண்டு. தீயிட்டால் நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். சாம்பலில் எஞ்சும் பொற்றாசியமும் மழையில் கரைந்தோடும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, வெளியிலிருந்து வரும் பசளையையே நம்பியிருப்பதன் இடரை யாவரும் உணர்ந்தனர்.

பாலாவிப் பகுதியின் நிலை

கொழும்பு - புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் இடம் பாலாவி. உள்நாட்டுப் பக்கத்தில் குளங்களின் கீழ் நெல் விளைகிறது. கற்பிட்டிப் பக்கத்து மணல் நிலத்தில் மிளகாய், வெங்காயம், மரக்கறி ஆகியவை விளைகின்றன. மணல் நீரையும் பசளையையும் பிடித்துவைக்கும் தன்மை குறைந்தது. இட்ட நைதரசனில் ஒரு பங்கு நைத்திரேற்றாக மாறி, நிலத்தடி நீரை அடைகிறது. கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லைக்கு மேலாக நைத்திரேற்று இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இத்தகைய நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது. கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. ஆகையால், மணலுக்குப் பிடிப்பை உண்டாக்கும் பொருள் எதுவும் இங்கு வீணாகலாகாது.

உமியின் பயன்

நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு கிலோகிராம் உமி, ஏறக்குறைய அரைக் கிலோகிராம் நிலக்கரியின் வெப்பத்தைத் தரும். பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையில் நிலக்கரியோடு உமியும் மரத்தூளும் எரிக்கப்பட்டு வந்தமைக்கு இதுவே காரணம். உமிச் சாம்பலில் மிகுந்துள்ள சிலிக்கா சீமெந்துக்கும் வேண்டியதாகையால், அங்கு சாம்பலும் வீண்போவதில்லை. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தார், அச்சாம்பலிலிருந்து தூய சிலிக்காவைப் பிரித்தெடுக்கும் முறையையும் வகுத்துள்ளனர். இது இறப்பர்ப் பொருள்களுக்கும் பற்பசைக்கும் உதவுவது.

கரியும் மண்ணும்

காற்றுக் குறைவான நிலையில் தாவரப் பொருளைச் சூடாக்கினால், அது சாம்பலாகாமல் கரியாகும். இதில் நுண்ணிய துளைகள் எண்ணற்றவை. கிளிரிசிடியா விறகினால் மின்சாரம் ஆக்கும் நிலையத்தில் எஞ்சிய கரியைப் பேராசிரியர் மெத்திகா வித்தானகேயும் அவருடன் உழைத்தவர்களும் ஆராய்ந்தனர். நிக்கல், குரோமியம் முதலிய உலோகங்கள் மிகுந்த வஸ்கமுவப் பகுதி மண்ணில் அதனைக் கலந்து தக்காளி வளர்த்தபோது, செடிக்குள் அவ்வுலோகங்கள் ஏறுவது குறைந்தது, செடியும் செழித்தது. இம்முடிவு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எனினும் அது சட்டியில் நடந்த பரிசோதனை; மண்ணும் வேறு. கற்பிட்டி மணலிலும் அதே பலன் கிட்டும் என்று கொள்ளலாகாது. கரி நீரையும் அமோனியத்தையும் ஓரளவு பிடித்துவைக்கும். நைத்திரேற்றைப் பிடிப்பது குறைவு. ஆகவே கரி இட்டாலும், பசளையைச் சிறிது சிறிதாகப் பிரித்து இடுதலும் அளவாக நீர் பாய்ச்சுதலும் இன்றியமையாதன.

உமிக்கரி செய்யும் முறை

ஒரு தகரப் பீப்பாவின் பக்கங்களில் துளையிட்டு, மேலே புகைபோக்கிக் குழாயைப் பொருத்துக. உள்ளே சிரட்டையாலோ சிறு விறகாலோ தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் குவிக்க. உட்புறம் கறுத்து வரும்போது, வெளிப்புறத்து உமியை உள்ளே தள்ளிக் கிளறுக. குவியல் முழுவதும் கறுத்தவுடன் பரப்பி, நீர் தெளித்து நன்றாக அணைக்க வேண்டும். தாமதித்தால் கரி வெண்சாம்பலாகிவிடும். இப்புகையில் நச்சு வாயு உண்டு. திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும்.

வைக்கோலிலிருந்து வாயு

ஏக்கலையிலுள்ள தேசிய எந்திரவியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலையும் சாணத்தையும் ஒருமுறை நிரப்பி மூடிவைத்து, சில மாதங்கள் வரை சமையல் வாயு பெறும் தொட்டியை அமைத்துக் காட்டியுள்ளது. காற்றுப்புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் வைக்கோலைச் சிதைப்பதால் மெதேன் வாயு உண்டாகிறது. வாயு தீர்ந்தபின் எஞ்சுவது நல்ல கூட்டெரு. விறகு மிச்சமாவதோடு, பயிருணவும் வயலுக்குத் திரும்புகிறது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. வைக்கோலை எரிக்காது, வயலிலே பரப்பி மக்கவிடுக; அல்லது கூட்டெருவாக்கியோ வாயுத் தொட்டியில் இட்டோ பின் வயலுக்குக் கொடுக்க.

2. உலர்ந்த உமி அடுப்புக்கும் கரிக்கும் ஏற்றது. ஈரமான மரக்கறிக் கழிவும் சாணமும் வாயுவுக்கு ஏற்றன.

3. புதுக் கரியைத் தனியே இட்டால், அது பயிருக்குரிய நைதரசனைச் சிறிது காலம் பிடித்துக்கொள்ளக்கூடும். சாணத்தோடோ கூட்டெருவோடோ சில வாரம் கலந்துவைத்த பின் இடுக.

4. கரியும் சாம்பலும் காரத்தன்மை உடையவை. மண்ணைப் பரிசோதித்து அறியாமல் மிகுதியாக இடலாகாது.

5. உமிச் சாம்பல் தூசு சுவாசப்பைக்குத் தீங்கு செய்யும். நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கையாளுக.

6. முதற் போகத்தில் இரு பாத்திகளை ஒரே அளவாக அமைத்து, ஒன்றுக்கு மட்டும் கரி கலந்த கூட்டெருவை இடுக. நீரும் பசளையும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். விளைச்சலை நிறுத்து எழுதி வைத்துப் பலன் கண்ட பின்னரே தோட்டம் முழுவதற்கும் விரிக்க வேண்டும்.