தோட்டத்து மேடைகள் – 9: பெட்டி பாடுவதை மிக்சரும் கேட்கட்டும்

மலேசியாவில் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாக்களில் வாசித்தவர்களுக்கு இந்தக் குறை நன்றாகத் தெரியும். மேடையில் கிட்டார் ஆம்ப் கணீரென்று பேசும். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கும். கோயிலைத் தாண்டி மரத்தில் கட்டிய ஹாரனில் மட்டும் பாட்டுக்காரர் குரலும் கீபோர்டும் வரும், கிட்டார் வராது, ஏனென்றால் ஆம்பின் சத்தம் மிக்சருக்குப் போகவில்லை. இளையராஜா பாட்டில் கிட்டாரை எடுத்துவிட்டால் பாதிப் பாட்டு போய்விடுகிறது.

ஆம்புக்கு முன்னால் மைக் வைப்பதைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். உறுமி மேளம் பக்கத்திலேயே முழங்கும் மேடையில் அது சரிப்படாது. கிட்டாருக்கு முன்பாக உறுமிதான் மைக்கில் ஏறும். இன்னொரு வழி, ஆம்பின் ஸ்பீக்கர் சாக்கெட்டிலிருந்தே சத்தத்தை மிக்சருக்கு எடுத்துப் போவது. நமது குழுக்களிடம் இருந்த பழைய ஆம்புகள் பலவற்றில் லைன் அவுட் என்று தனிச் சாக்கெட் கிடையாது. ஸ்பீக்கர் சாக்கெட் மட்டும்தான்.

அந்த வழியைத் தப்பாகச் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது. தோட்டத்து ஜெனரேட்டரில் நடந்த திருவிழா. சவுண்டு பார்த்த அண்ணன் ஸ்பீக்கர் சாக்கெட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து நேரே மிக்சரில் சொருகினார். "அண்ணே, அது ஸ்பீக்கருக்குப் போற லைனு" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, முதல் கார்டிலேயே அந்தச் சேனல் கருகிய வாடை அடித்தது. அன்றிரவு கிட்டார் இல்லாமலே கச்சேரி முடிந்தது. அவர் மீது தப்பில்லை. எத்தனை வோல்ட் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கணக்கு எளிது. 50 வாட் ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கரை முழு வேகத்தில் ஓட்டும்போது அந்தச் சாக்கெட்டில் 20 வோல்ட் இருக்கும். 50-ஐ 8-ஆல் பெருக்கினால் 400, அதன் வர்க்கமூலம் 20. 100 வாட் என்றால் 28 வோல்ட். மிக்சரின் லைன் சாக்கெட் எதிர்பார்ப்பதோ சுமார் 1.2 வோல்ட்தான். மைக் சாக்கெட் எதிர்பார்ப்பது அதிலும் மிகக் குறைவு, சில மில்லிவோல்ட். ஆகவே 20 வோல்ட்டைப் பதினாறில் ஒரு பங்காக்க வேண்டும்.

இதற்கு இரண்டு ரெசிஸ்டர் போதும். ஸ்பீக்கர் பிளஸிலிருந்து 15 கிலோ ஓம் ஒன்று, அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு 1 கிலோ ஓம் ஒன்று. இரண்டும் சேரும் இடத்திலிருந்து மிக்சருக்கு வயர். 20 வோல்ட் அங்கே 1.25 வோல்ட்டாக இறங்கிவிடும். ரெசிஸ்டர்கள் தாங்க வேண்டிய சக்தி மொத்தம் 25 மில்லிவாட், அரை வாட் ரெசிஸ்டர் சூடுகூட ஆகாது. 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் 16 கிலோ ஓம் இருப்பதை ஆம்ப் உணரப்போவதுமில்லை. இரண்டையும் சின்னத் தகரப் பெட்டிக்குள் வைத்து, மிக்சர் வரை உறையிட்ட வயர் போடுங்கள். 1 கிலோ ஓமின் சோல்டரை இரண்டு தடவை பாருங்கள். அது விட்டுப்போனால் வோல்ட்டை அடக்க ஆளில்லை.

இப்படி எடுத்த சத்தம் முதலில் உங்களுக்குப் பிடிக்காது. வண்டு ரீங்காரம் போலக் கூசும். 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. நாம் கிட்டார் சத்தம் என்று பழகியது, ஸ்பீக்கர் வடிகட்டித் தந்த அந்தச் சத்தம்தான். 1 கிலோ ஓமுக்குக் குறுக்கே 33 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் ஏறக்குறைய அதே இடத்திலிருந்து மேல் சத்தம் சரியத் தொடங்கும். ஸ்பீக்கர் அளவுக்குச் செங்குத்தாகச் சரியாது. ஆனாலும் காதுக்கு இதமாகும்.

இனி எச்சரிக்கை. வால்வ் ஆம்பாக இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இந்தப் பெட்டியை மட்டும் மாட்டவே கூடாது. சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறி உள்ளே பொறி பாயும், சுருள் போய்விடும். ஃபெண்டர் வால்வ் ஆம்புகள் பலவற்றில் பிளக் இல்லாத நேரத்தில் ஸ்பீக்கர் சாக்கெட் தானாக ஷார்ட் ஆகும்படி வைத்திருப்பது இந்தப் பயத்தினால்தான். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதற்கு நேர்மாறு: சுமையில்லாமல் இருக்கும், ஷார்ட்டைத் தாங்காது. பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்பில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் உயிர் உண்டு. அதன் மைனஸை மிக்சரின் எர்த்தில் சேர்த்தால் பாதி ஆம்பை ஷார்ட் செய்ததாகிவிடும். அங்கே நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தே எடுக்க வேண்டும். ஹாரனுக்குப் போகும் 100 வோல்ட் லைனைக் கிட்டார் லைன் என்று நினைத்துத் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஆம்பையும் மிக்சரையும் வயரால் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரலாம். இரண்டும் வெவ்வேறு வழியில் எர்த் ஆவதால் வருவது அது. அதைப் போக்க மூன்று முள் பிளக்கைத் திறந்து பச்சை-மஞ்சள் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் நம் மேடைகளில் இன்றும் இருக்கிறது. இரைச்சல் நின்றுவிடும், உண்மைதான். பிறகு ஆம்புக்குள் ஒரு கம்பி விட்டுப்போனால் கிட்டார் தந்தி வழியாக 230 வோல்ட் கைக்கு வரும். 1972 மே 3-ஆம் தேதி வேல்ஸில் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதில் மின்சாரம் பாய்ந்து இறந்தார். கம்பியைக் கழற்றாமல், 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வைத்தாலே அந்த இரைச்சல் போய்விடும். ஈப்போவில் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கேட்டு வாங்கலாம்.

திருவிழாவுக்கு மேடை ஏறும் தம்பிகளே, தங்கைகளே, வாசிக்கத் தொடங்கும் முன் உங்கள் பிளக்குகளைத் திறந்து பாருங்கள். பச்சை-மஞ்சள் கம்பி கழன்றிருந்தால் மாட்டிவிட்டு வாசியுங்கள்.