அரியலூர்க் கல்லுக்குள் காற்று புகுந்தது எப்படி?

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் சிப்பிகள் கிடைப்பது ஏன்? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. சிப்பி மட்டுமா, அன்றைய காற்றில் இருந்த கார்பனும் அந்தக் கல்லில் அடைபட்டுக் கிடக்கிறது.

மழைநீர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது (சோடாவில் இருப்பதும் இதே அமிலம்தான்). அது பாறையை அரித்து, கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் ஆற்றோடு கடலில் சேர்க்கிறது. நீர் ஆவியாகி மறுபடி மழையாகிவிடும். கார்பனில் ஒரு பகுதி அப்படித் திரும்புவதில்லை. சிப்பிகளும் நுண்ணுயிர்களும் அதை ஓடாக்கிக்கொள்கின்றன. அவை செத்தபின் ஓடுகள் கடலடியில் படிந்து சுண்ணாம்புக்கல்லாக இறுகுகின்றன.

கோடி ஆண்டுக் கணக்கில் கார்பனைப் பூட்டிவைத்திருந்த அந்தக் கல்லைத்தான் இன்று சிமென்ட் சூளையில் சுடுகிறோம். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லை முழுதாகச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சூளையில் எரியும் நிலக்கரியின் புகை தனிக்கணக்கு.