ஒலிவாங்கியைச் சோதித்தல்

மாணவர்களே! கோவில்பட்டி வட்டாரத்துக் கோயிற்கொடைகளில், விழா தொடங்குமுன் ஒருவர் மேடையேறி ஒலிவாங்கியை விரலால் தட்டி, 'அலோ, அலோ' எனக் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். தட்டிய ஓசை எழுந்ததும் இறங்கிவிடுவார். அஃது அரைச் சோதனையே. கருவிக்கு உயிருண்டு என்பதை அது காட்டும். சொல் தெளிவாகச் சென்று சேருமா என்பதைக் காட்டாது.

2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடியிருந்தபோது, தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குக் கைப்பேசி வாயிலாக இலக்கணம் நடத்தினேன். அரைமணி நேரம் பேசிய பின்னரே, என் சொல் ஒருவர் செவியிலும் விழவில்லை என்று அறிந்தேன். முதல்நாள் கம்பியின்றி இணைத்திருந்த ஹெட்போன் பக்கத்து அறையில் கிடந்தது; கைப்பேசி என் குரலை அங்கே தேடிக்கொண்டிருந்தது! பிள்ளைகளோ அண்டைவீட்டாரிடம் கைப்பேசியை இரவல் பெற்றவர்கள். இரவல் நேரம் கழிந்துபோயிற்று. ஆதலால், எந்த ஒலிவாங்கி இணைந்துள்ளது என்பதை முதற்கண் காண்க. கணிப்பொறியாயின், பேசப்பேச ஏறியிறங்கும் அளவுக்கோடு அதன் அமைப்புப் பக்கத்தில் தோன்றும்.

கைப்பேசியின் அடிவிளிம்பிலுள்ள ஊசித்துளைக்குள் ஒலிவாங்கி இருக்கின்றது. ஒலியலை மோத, மெல்லிய தகடு அதிரும். அவ்வதிர்வு மின்னலையாக மாறும். கரிசற்புழுதி துளையை அடைத்தாலும், விரல் பொத்தினாலும் குரல் கம்மும். ஊசியால் குத்தலாகாது, தகடு கிழியும். மென்தூரிகையால் துடைத்தலே முறை.

பின்னர்ப் பத்து நொடி பேசிப் பதிவு செய்து, அதனைக் கேளுங்கள். பல், பள்ளம், பழம் என்பன போன்ற சொற்கள் இதற்கு ஏற்றவை. லகர ளகர ழகரங்கள் வேறுவேறாக ஒலிக்கின்றனவா? பகரம் வெடிக்கின்றதா? வெடித்தால், இதழ் பிரியும்போது எழும் காற்று நேரே தாக்குகிறது என்பது பொருள். கருவியை ஒரு சாண் விலக்கிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொள்க. ஆடியில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று எத்துணைச் சிறந்த ஒலிவாங்கியிலும் இரைச்சலாகவே பதியும். அந்நாளில் சாளரத்தை அடைத்துவிட்டுச் சோதியுங்கள்.