சத்தி வராத குளிசை
நடுக்கத்தோடு ஒரு நடை – 7

சிசிலித் தீவின் பலெர்மோ நகரின் தென்கிழக்கில், ரயில் பாதையும் தொழிற்கூடங்களும் சூழ்ந்த பகுதி பிரான்காச்சோ. மாஃபியாவை எதிர்த்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த பங்குத்தந்தை பினோ புலிசி, 1993 செப்டம்பர் 15 அன்று, தம் 56ஆம் பிறந்தநாளில், வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். வெளியுலகில் பலர் பிரான்காச்சோவின் பெயரை அறிந்தது அந்த ரத்தத்தால். இந்த வாரம் நான் உங்களை இங்கே அழைத்து வருவது ஓர் அவரை விதைக்காக.

இங்கே, சிசிலியின் ஏழை அடுப்பில் வேகும் 'மாக்கு' நம் பருப்புக் கடையலின் உறவு. ஃபாவா எனும் பெரிய அவரையின் உலர்ந்த பருப்பைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் கடைவார்கள். மார்ச் 19, சூசையப்பர் திருநாளில் அதற்குத் தனி இடம். அந்தச் செடியிலிருந்து ஒரு புதிய பொருளை 1913இல் பிரித்தெடுத்தார் டொர்குவாட்டோ டொர்குவாட்டி என்ற இத்தாலியர். அது லெவோடோபா என்று அதே ஆண்டில் கண்டவர் சுவிட்சர்லாந்தின் மார்கஸ் குகன்ஹைம். அவர் 2.5 கிராமைத் தாமே விழுங்கிப் பார்த்தார். குடல் புரண்டு வாந்தி எடுத்தார். நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன் நோய்க்கு) இன்றும் முதன்மையான இந்த மருந்து மனித உடலுக்குள் வந்த கதை ஓங்காளத்தோடுதான் தொடங்குகிறது.

பலெர்மோவில் நெடுங்காலமாக ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பிழைப்பு வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும். சிசிலிக் கிழவருக்குக் காலைக் குளிசையை எடுத்துக் கொடுப்பது பல வீடுகளில் ஒரு தமிழ்க் கை. 'வயித்தைப் பிரட்டுது, சத்தி வருது' என்பதை அவர் எந்த மொழியில் சொன்னாலும் முதலில் கேட்பது அந்தக் கைக்குரியவர்தான். அவருக்காகவும், ஊரில் அப்பாவுக்கு மாத்திரை பிரித்துக் கொடுக்கும் உங்களுக்காகவும் இந்த வாரம்.

குமட்டல் ஏன் வருகிறது? நடுக்குவாதத்தில் மூளையில் குறைந்துபோகும் டோபமின் என்ற வேதிப்பொருளை நேராகக் கொடுக்க முடியாது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் காவலை அது தாண்டாது. லெவோடோபா தாண்டும். ஆனால் போகும் வழியிலேயே, குடலிலும் ரத்தத்திலும், அதில் பெரும்பகுதி டோபமினாக மாறிவிடுகிறது. வாந்தியைத் தூண்டும் மூளைத்தண்டு மையமோ அந்தக் காவலுக்கு வெளியே இருக்கிறது. வழியில் சிந்திய டோபமின் அதைத் தட்டி எழுப்புகிறது.

1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், மருந்தைச் சிறிதுசிறிதாக ஏற்றினால் உடல் பழகிக்கொள்ளும் என்று காட்டினார். பிறகு வந்தது கார்பிடோபா. மூளைக்கு வெளியே நடக்கும் மாற்றத்தை மட்டும் அது தடுக்கிறது. இரண்டையும் சேர்த்த மாத்திரைக்குச் 'சினெமெட்' என்று பெயர் வைத்தார்கள். 'சினே' என்றால் லத்தீனில் 'இன்றி'. 'எமெட்' வாந்தியைக் குறிக்கும் கிரேக்க வேர். 'வாந்தியின்றி' என்பதே மருந்தின் பெயர்!

அப்படியானால் இன்னும் ஏன் பிரட்டுகிறது? பல நேரம் கார்பிடோபா போதவில்லை. ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை அது தேவைப்படும். 100 லெவோடோபாவுக்கு 10 கார்பிடோபா உள்ள மாத்திரையை மூன்று வேளை போட்டால் கிடைப்பது 30தான். 100க்கு 25 உள்ளதை மூன்று வேளை போட்டால் 75. உங்கள் மாத்திரை அட்டையில் கார்பிடோபாவுக்கு உரிய எண்ணைப் பாருங்கள். மருத்துவரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

தொடக்க வாரங்களில் வெறும் வயிற்றில் போடாமல் இரண்டு பிஸ்கட், காய்ந்த ரொட்டி, கொஞ்சம் இடியாப்பத்தோடு போடலாம். பாலும் முட்டையும் இறைச்சியும் அந்த வேளைக்கு வேண்டாம். புரதம் மருந்தோடு போட்டியிட்டு அது உடலில் ஏறுவதைக் குறைக்கும். ஒரு குவளை தண்ணீர் நல்லது. இஞ்சித் தேநீர் சிலருக்கு இதம். மலச்சிக்கலைக் கவனியுங்கள், வயிறு நகராவிட்டால் குமட்டலும் நகராது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணியும். அதற்குள் சலித்துப்போய் மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. வாந்தி என்றதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மெட்டோகுளோபிரமைடு (நம்மூரில் பெரிநார்ம், இத்தாலியில் பிளாசில்), ஸ்டெமெட்டில் இரண்டும் நடுக்குவாதக்காரருக்கு ஆகாதவை. மூளைக்குள் புகுந்து டோபமினின் வேலையையே மறித்து, நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டிவிடும். டோம்பெரிடோன் மூளைக்குள் எளிதில் போகாது என்பதால் மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். ஆனால் அது இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். 60 வயதைக் கடந்தவர்களுக்கும், நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போடுவோருக்கும் ஆபத்து கூடுதல். இசிஜி பார்த்து, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கே அது.

'இயற்கையாக அவரை விதையையே தின்றால் என்ன?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் நம் வேலியோரப் பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தார்கள். ஆனால் பூனைக்காலியிலும் ஃபாவாவிலும் கார்பிடோபா இல்லை. மருந்தின் அளவும் விதைக்கு விதை மாறும். குகன்ஹைமுக்கு வந்த அதே வாந்தி நமக்கும் வரலாம்.

எனவே, மாத்திரை கொடுக்கும் தங்கையே, தம்பியே, ஒரு நோட்டு வையுங்கள். எந்த நேரம் மாத்திரை, என்ன சாப்பாடு, எத்தனை நிமிடத்தில் பிரட்டல் என்று எழுதுங்கள். மருத்துவர் ஒரு முறை பார்ப்பதை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள். குமட்டல் முதியவரின் பிடிவாதமுமல்ல, பொறுத்தே தீர வேண்டிய விதியுமல்ல. வாந்தியின்றி மருந்து கொடுக்க மனிதர்கள் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அதன் கடைசி அடி உங்கள் நோட்டில் இருக்கிறது.

(அடுத்த வாரம்: மருந்து இறங்கும் நேரம்)