வீட்டில் ரொட்டி சுடுதல்: தொடங்குவோருக்குச் சில குறிப்புகள்

சென்ற ஆண்டு கோடையில் எங்கள் திருவனந்தபுரம் கிளைக்கு ஓய்வூதியம் பெறும் அம்மையார் ஒருவர் வந்தார். அருகிலுள்ள பெண்கள் விடுதிக்கு நாள்தோறும் ரொட்டி சுட்டுக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு. பெரிய ஓவன் இரண்டு வாங்கக் கடன் வேண்டும் என்றார். இதுவரை எத்தனை முறை ரொட்டி சுட்டிருக்கிறீர்கள் என்று கேட்டோம். இரண்டு முறை என்றார். இரண்டும் சரியாக வரவில்லையாம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை கடன் உண்டு. அவருடைய தகுதியிலும் குறை காண இயலவில்லை. ஆயினும் முதலில் சிறிய ஓவன் ஒன்றில் சில மாதங்கள் பழகிவிட்டு வருமாறு கேட்டுக்கொண்டோம். அறிவுரை சொல்லியாயிற்று, நாமும் செய்து பார்ப்பதுதானே முறை? அந்த ஞாயிற்றுக்கிழமையே சாலைக் கடைத்தெருவில் ஈஸ்டும் தகர அச்சும் வாங்கி வந்தோம்.

ரொட்டி சுடும் தொழில் கேரளத்துக்குப் புதியதன்று. தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு 1880-இல் ராயல் பிஸ்கட் தொழிற்சாலையைத் தொடங்கினார். திருவனந்தபுரம் புளிமூட்டில் பலரும் அறிந்த சாந்தா பேக்கரியும் அக்குடும்பத்தார் வழி வந்ததே. கோவாவில் போர்த்துகீசியர் வழி வந்த ரொட்டிக்கு மாவைப் புளிக்க வைக்கத் தென்னங்கள்ளைப் பயன்படுத்தினர். ஆப்பத்துக்கு நம் பாட்டிமார் கள் சேர்த்ததும் இதே அறிவின்பாற்பட்டது. கள்ளில் இயற்கையாக வாழும் ஈஸ்டு மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஆகவே இட்லி மாவைப் பொங்க வைத்துப் பழகிய கைகளுக்கு இக்கலையின் பாதி முன்னரே தெரியும்.

மீதிப் பாதி பிசைவதில் இருக்கிறது. இட்லி மாவில் வாயுக் குமிழ்களைப் பிடித்து வைப்பது உளுந்து. ரொட்டியில் அவ்வேலையைச் செய்வது கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதப் பின்னல். நீர் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்கு பிசைந்தால்தான் அப்பின்னல் வலுப்பெறும். சிறு துண்டு மாவை எடுத்து விரல்களால் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல் ஒளி ஊடுருவும் சவ்வைப் போல விரிந்தால் போதும். சப்பாத்திக்குப் பிசையும் பதத்தைவிட இம்மாவு தளர்வாகவும் சற்றே ஒட்டுவதாகவும் இருக்க வேண்டும். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதாவைத் தூவுவதுதான் தொடங்குவோர் செய்யும் முதற்பிழை. அவ்வாறு செய்த எங்கள் முதல் ரொட்டியைக் கத்தியால் நறுக்க இயலவில்லை.

அளவுகளைக் கிண்ணத்தால் அளக்காமல் தராசில் நிறுப்பது நலம். ரொட்டி சுடுவோர் மாவின் எடையை நூறாகக் கொண்டு மற்ற அனைத்தையும் அதன் விழுக்காடாகக் கணக்கிடுவர். அசலை வைத்து வட்டியைக் கணக்கிடுவது போன்ற இம்முறை வங்கியில் பணிபுரியும் எங்களுக்கு உடனே பிடித்துவிட்டது. சிறிய அச்சு ஒன்றுக்கு மைதா 300 கிராம் எனில், தண்ணீர் 190 கிராம், உப்பு 6 கிராம், உலர் ஈஸ்டு 3 கிராம், சர்க்கரையும் எண்ணெயும் தலா 12 கிராம். முழுக் கோதுமை மாவு கலந்தால் தண்ணீர் இன்னும் கூடுதலாக வேண்டும். நம் கல் எந்திரங்களில் அரைத்த மாவு நீரை மிகுதியாக உறிஞ்சும்.

எங்கள் இரண்டாவது ரொட்டி கெட்டதற்குக் காரணம் கடிகாரம். குளிர்நாட்டுச் சமையற்புத்தகம் ஒன்றில் வெதுவெதுப்பான நீரில் பிசைந்து ஒன்றரை மணி நேரம் பொங்க விடுமாறு கண்டிருந்தது. எழுத்துப் பிசகாமல் அவ்வாறே செய்தோம். மே மாதத் திருவனந்தபுரத்தில் சமையலறையே முப்பது பாகை வெப்பத்தைத் தாண்டியிருக்கும்! மாவு அளவு மீறிப் பொங்கிப் புளித்த மணம் வீசியது. ஓவனுக்குள் வைத்ததும் நடுவில் குழிந்து அமர்ந்துவிட்டது. இங்கே சாதாரணக் குடிநீரே போதும். கோடையில் குளிர்ந்த நீரும் சேர்க்கலாம். மாவை நேரான சுவருள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, அதன் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுங்கள். மாவு அதைப்போல இருமடங்கு உயர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். மணி எதைக் காட்டினாலும் சரி. எங்கள் வீட்டில் பெரும்பாலும் ஐம்பது நிமிடத்தில் இது நிகழ்கிறது.

பின்னர் வாயுவை மெல்ல அழுத்தி வெளியேற்றிச் சுருட்டி அச்சில் இட்டு, விளிம்புக்குச் சற்று மேலே எழும்வரை காத்திருந்து, முன்னரே 200 பாகைக்குச் சூடேற்றிய ஓவனில் முப்பது நிமிடம் சுட வேண்டும். அடிப்பாகத்தைத் தட்டினால் வெற்றுக் குடத்தைத் தட்டிய ஒலி வரும். சூடாக இருக்கும்போதே நறுக்கும் ஆவலை அடக்குவது எளிதன்று. ஆனால் உள்ளேயுள்ள மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகுகிறது. ஒரு மணி நேரம் கம்பித் தட்டில் ஆறாத ரொட்டி உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும்.

இவ்வூரின் ஈரக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரித்த ஈஸ்டுப் பொட்டலத்தைக் காற்றுப் புகாத புட்டியில் இட்டுக் குளிர்பெட்டியில் வைக்காவிடில் அதன் வீரியம் விரைவில் குன்றிவிடும். ஐயம் எழுந்தால் சர்க்கரை நீரில் சிறிதளவு கலந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்காத ஈஸ்டை நம்பி மாவைப் பிசைய வேண்டாம். கடை ரொட்டியில் பூஞ்சையைத் தடுக்கக் கால்சியம் புரோபியோனேட் சேர்ப்பது வழக்கம். நம் ரொட்டியில் அது இல்லாததால் மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாலோ விரைவில் வறண்டுபோகும். நறுக்கி உறைபெட்டியில் வைப்பதே வழி.

சிக்கனத்துக்காக வீட்டில் ரொட்டி சுடுவதாக எவரேனும் சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் இடைவிடாது எரிந்தால் ஒன்றரை யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரே ரொட்டிக்கு இது மிகை. இரண்டு மூன்றைச் சேர்த்துச் சுட்டால் கணக்கு ஒருவாறு நேராகும். என்ன சேர்க்கிறோம் என்பது நம் கையில் இருப்பதே உண்மையான இலாபம். பொட்டாசியம் புரோமேட்டை ரொட்டியில் சேர்ப்பதற்கு நம் நாட்டில் 2016-இல்தான் தடை வந்தது என்பது நினைவிருக்கலாம்.

விற்பனைக்கு என்றால் வேறு கணக்குகளும் உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன்படி வீட்டிலிருந்து விற்போரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீணாகும் ரொட்டியின் விலையையும் அடக்கவிலையில் சேர்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

அந்த அம்மையார் ஐந்து மாதம் கழித்து ஒரு குறிப்பேட்டுடன் வந்தார். சுட்ட நாள், மாவின் எடை, பொங்க எடுத்த நேரம், கெட்டுப்போனவை என எல்லாவற்றையும் பள்ளிப் பிள்ளையைப் போலக் கோடிட்டு எழுதியிருந்தார். கடைசி மாதத்தில் கெட்டவை இரண்டே. முதலில் கேட்ட தொகையில் பாதிதான் இப்போது அவர் கேட்டார். தற்போதைக்கு ஒரு ஓவனே போதுமாம். விண்ணப்பத்துடன் இன்னும் சூடாறாத ரொட்டி ஒன்றையும் மேசைமீது வைத்தார். அலுவலக விதிப்படி அதற்குரிய விலையைக் கொடுத்தோம்; ஒரு மணி நேரம் காத்திருந்த பின்னரே நறுக்கினோம்.