நோய்த்தடையும் பிழைப்பும்: ஜொகூர்ப் பாலம் உணர்த்தும் பாடம்

கொள்ளைநோய் பரவுங்கால் ஆள்வோர்முன் இரு கடமைகள் எதிரெதிர் நிற்பனபோலத் தோன்றும். மக்கள் உயிரைக் காத்தல் ஒன்று. அவர்தம் பிழைப்பைக் காத்தல் மற்றொன்று. சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும் என்பார் முன்னதை வற்புறுத்துவர். நோய்க்குத் தப்பியவனைப் பசி விட்டுவிடுமா என்பார் பின்னதை வற்புறுத்துவர். இவ்விரண்டும் உண்மையில் பகையா, பகைபோல் தோன்றுவனவா என்பதை ஆராய்தற்கு, 2020 முதல் 2022 வரை ஜொகூர்ப் பாலத்தில் நிகழ்ந்தவை தக்க சான்றாகும்.

இச்சிக்கல் புதியதன்று. ‘குவாரண்டைன்’ என்னும் சொல், நாற்பது எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்றும் பிறந்தது. வந்தவரை நாற்பது நாள் விலக்கி வைத்தலை அது குறித்தது. அதற்கு முன்னரே, 1377 ஆம் ஆண்டில், இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா என்னும் துறைமுக நகர், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் புறத்தே தங்கிய பின்னரே நகருள் புகலாம் என விதித்தது. ரகூசா வாணிகத்தால் வாழ்ந்த நகர். துறைமுகத்தை அடைத்தால் வறுமை, திறந்துவிட்டால் சாவு. ஆதலின் அந்நகரத்தார் இரண்டிற்கும் இடையே காலத்தை வைத்தனர். நோய்த்தடை என்பது வாணிகத்தை நிறுத்துதற்குப் பிறந்ததன்று. வாணிகம் நில்லாதிருத்தற்குப் பிறந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மலாயாத் தமிழரின் முன்னோரும் இம்முறையை அறிவர். 1873 இல் காலரா பரவியதை அடுத்து, 1874 இல் சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடை நிலையம் அமைந்தது. கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அத்தீவிலோ, பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலோ தங்கிய பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்திற்கு ஆளும் வேண்டும். ஆளோடு நோய் வருதலும் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இனி ஜொகூர்ப் பாலத்தை நோக்குவோம். 1924 இல் முறையாகத் திறக்கப்பெற்ற இப்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுடையது. கோவிட் நோய்க்கு முன் நாள்தோறும் 300,000 பேருக்கு மேல் இதனைக் கடந்தனர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுச் சிங்கப்பூரில் உழைத்து, இரவில் ஜொகூர் பாருவில் பிள்ளைகளோடு உண்பவர் அவருட் பலர். ஊதியம் ஒரு நாட்டில், அடுப்பு மற்றொரு நாட்டில் என்பது அவர்தம் வாழ்க்கை.

மலேசிய அரசு 2020 மார்ச் 16 ஆம் நாள் இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தது. 18 ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இடையே இருந்தது ஒரே பகல். வேலையை விட முடியாதோர் துணிமூட்டையோடு பாலத்தைக் கடந்தனர். சில நாளில் திரும்பலாம் என எண்ணிச் சென்றவருட் பலர் பல திங்கள் வீடு காணவில்லை. அவர்களைத் தங்கவைத்த நிறுவனங்களுக்கு, ஆளொன்றுக்கு இரவொன்றுக்கு 50 வெள்ளி வீதம் பதினான்கு இரவுகட்குச் சிங்கப்பூர் அரசு உதவியது. சரக்கு வண்டிகள் மட்டும் தொடர்ந்து சென்றன. காய்கறியும் முட்டையும் தடையின்றிக் கடந்தன. பொருளுக்கு வழி வகுத்தவர், மனிதருக்கு வழி வகுக்கப் பல திங்கள் ஆயின.

ஆயினும் அவ்வடைப்பைத் தவறெனக் கூறுதல் பொருந்தாது. அன்று தடுப்பூசி இல்லை. மருத்துவமனைகளின் ஆற்றலும் அளவுடையதே. நோயைப் புறக்கணித்தால் தொழிலும் நிற்கும் என்பதற்குச் சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளே சான்று. தமிழகத்திலிருந்து வந்தோர் உட்பட 300,000 பேருக்கு மேல் நெருக்கமாக வாழ்ந்த அவ்விடங்களில் 2020 ஏப்ரலில் நோய் பரவவே, கட்டுமானப் பணிகள் நின்றன. மீண்டும் தொடங்கவும் நெடுநாள் ஆயிற்று. தொழிலாளியின் படுக்கைக்கு இடைவெளி விடாமை, ஈற்றில் தொழிலுக்கே இடையூறாயிற்று.

பாலத்தைத் திறக்கும் முதல் முயற்சி 2020 ஆகஸ்டு 17 ஆம் நாள் தொடங்கியது. அலுவல், வணிகம் பற்றிச் சில நாள் செல்வோர்க்கு ஒரு வழி. வேலை செய்வோர்க்கு மற்றொரு வழி. பின்னவர் மூன்று திங்கள் தொடர்ந்து உழைத்த பின்னரே விடுப்பில் இல்லம் செல்லலாம். சோதனையும் தனிமையும் உண்டு. ரகூசாவின் பழைய முறையே இது; ஆயினும் நாள்தோறும் திரும்பிய தந்தை ஆண்டில் சிலமுறை வரும் விருந்தாளி ஆனார். ஜொகூர் பாருவின் கடைகளும் உணவகங்களும் சிங்கப்பூர் வாடிக்கையாளரை இழந்து வாடின.

நிலையை மாற்றியது தடுப்பூசியே. 2021 சூன் 15 இல் மலேசியா அறிவித்த தேசிய மீட்சித் திட்டம் நான்கு கட்டங்களை உடையது. அன்றாட நோயாளர் தொகை, தீவிர சிகிச்சைப் படுக்கைகளின் நிலை, தடுப்பூசி போட்டோர் விழுக்காடு ஆகிய மூன்று அளவுகோல்களைக்கொண்டு கட்டந்தோறும் தொழில்களைத் திறக்க அது வழி கூறிற்று. அவ்வாண்டு அக்டோபரில் பெரியோருள் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெறவே, மாநிலங்களுக்கிடையே பயணம் அனுமதிக்கப்பட்டது. நவம்பர் 29 ஆம் நாள், தடுப்பூசி பெற்றோர் தனிமையின்றிப் பேருந்தில் பாலத்தைக் கடக்கலாயினர். தொடக்கத்தில் ஒரு திசைக்கு நாளொன்றுக்கு 1,440 பேர் என்பது வரம்பு. ஒமிக்ரான் தோன்றியபோது டிசம்பர் இறுதியில் புதிய பயணச்சீட்டு விற்பனை நிறுத்தப்பட்டு, சனவரியில் மீண்டும் தொடங்கியது. 2022 ஏப்ரல் முதல் நாள் நள்ளிரவில், தடுப்பூசி பெற்ற அனைவர்க்கும் பாலம் திறந்தது.

இவ்வரலாற்றால் விளங்குவன மூன்று. ஒன்று, உடல்நலமும் பொருள்நலமும் பகையல்ல. பாலத்தை முழுதும் திறந்த திறவுகோல் ஊசி மருந்தே. இரண்டு, படிப்படியாகத் திறப்பதற்கு அளவுகோல் வேண்டும்; அவ்வளவுகோல் மக்கள் அறியுமாறு முன்னரே அறிவிக்கப்படுதல் வேண்டும். மூன்று, அடைப்பின் சுமை அனைவர்மீதும் ஒப்ப விழுவதில்லை. அன்றாடம் ஊதியம் ஈட்டுவோரே அதனை முதலிற் சுமந்தனர். நெடுநாள் சுமந்தவரும் அவரே.

ஆதலின், எல்லை கடந்து உழைப்போர் எங்குத் தங்குவர், எப்பொழுது இல்லம் திரும்புவர், அவர் ஊதியத்திற்கு யார் பொறுப்பு என்பனவற்றை, நோய் இல்லாத காலத்திலேயே இரு நாட்டரசுகளும் கூடி எழுதி வைத்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுதலே அறிவுடைமை. அடுத்த நோய் வருங்கால், மக்களுக்குக் கிடைப்பது மீண்டும் ஒரே பகலாக இருத்தல் ஆகாது.