‘ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்’ என்று திரை கேட்டால்…

இணையவழி வங்கிச் சேவையின்போது இவ்வாறோர் அறிவிப்பு தோன்றினால், அதனைச் சொடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். உலாவியில் காணொளிகளை இயக்கிவந்த இச்செருகுநிரலுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கத்தையும் தடுத்துவிட்டது. எங்கள் சேவைக்கும் அது தேவையில்லை. ஆகவே, அதனைப் புதுப்பிக்கக் கோரும் அறிவிப்பு நம்பத்தக்கதன்று.

பழைய பதிப்பு கணினியில் எஞ்சியிருப்பின், ‘கன்ட்ரோல் பேனல்’ வழியே நீக்கிவிடுங்கள். உலாவியை அதன் அமைப்புகள் பகுதியிலிருந்து மட்டுமே புதுப்பியுங்கள்.

அறியாமல் எதையேனும் நிறுவியிருந்தால், உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணம் பறிபோயிருப்பின், தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.